மேலிடத்துக்கு ஜன்னல் வேண்டாம்

மேலிடம்: ஜன்னலே வேண்டாங்கறேன். அதுக்கப்புறமும் பால்கனி, பால்கனின்னா எப்படி?

பேக்கரிக்காரர்: நீங்க பால்கனியவே போடுங்கம்மா. இவ அப்படித்தான் சொல்லுவா.

மேலிடம்: போடாதீங்க. பேனாவக் கீழ வைங்க.

டிராவல்ஸ் பெண்: மேடம்… சார்… நான் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதல. பேனா மூடிதான் இருக்கு.

பேக்கரிக்காரர்: ஏழு நாள் கப்பல்ல போறோம். கடலப் பாக்காம சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? அதுக்கு நம்ம வீட்டு ஸ்டோர் ரூம்லயே பெட்ஷீட் விரிச்சுப் படுத்துக்கலாமே.

மேலிடம்: தாராளமா. ஆட்டமும் இருக்காது.

டிராவல்ஸ் பெண்: இருங்க, ரெண்டையும் மறுபடி சொல்லிடறேன். இந்தப் படத்தப் பாருங்க. இது கப்பலோட அஞ்சாவது தளம். நடுவுல கட்டம் கட்டமா இருக்கு பாத்தீங்களா, இதெல்லாம் உள் கேபின். ஜன்னல் கிடையாது. லைட்ட அணைச்சா பகலா ராத்திரியான்னே தெரியாது. ஆனா கப்பலுக்கு நடுவுல இருக்கறதால ஆட்டம் ரொம்பக் கம்மி.

மேலிடம்: கேட்டுக்குங்க.

டிராவல்ஸ் பெண்: இது எட்டாவது தளம். ஓரத்துல இருக்கறதெல்லாம் பால்கனி. கண்ணாடிக் கதவத் தள்ளினா ரெண்டு நாற்காலி, ஒரு குட்டி மேஜை. நெஞ்சு உயரத்துக்குக் கம்பி. அதுக்கு அந்தப் பக்கம் கடல்தான், வேற ஒண்ணுமே கிடையாது.

பேக்கரிக்காரர்: கேட்டுக்கோ.

டிராவல்ஸ் பெண்: உள் கேபின் ஒண்ணு, பால்கனி ஒண்ணு. அவ்வளவுதான் மிச்சம். பன்னெண்டு மணிக்குள்ள எதுன்னு கப்பல் கம்பெனிக்குச் சொல்லணும். இல்லன்னா ரெண்டும் கை நழுவிடும்.

பேக்கரிக்காரர்: இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குல்ல. அதுக்குள்ள மேலிடம் மனசு மாறும்.

டிராவல்ஸ் பெண்: மேலிடமா?

மேலிடம்: அட, அது பட்டப்பேரும்மா. விடுங்க.

பேக்கரிக்காரர்: நான் வச்ச பேர் இல்ல. துறைமுகமே அப்படித்தான் கூப்பிடுது. இவ கிரேன் ஓட்டறா. பதிமூணு மாடி உயரத்துல ஒரு கண்ணாடிக் கூண்டு, அதுக்குள்ளதான் நாள் பூரா. கீழ யாராவது ஒரு சந்தேகம் கேட்டா, ‘என்கிட்ட ஏன்யா கேக்கற, மேலிடத்துல கேளு’ம்பாங்களாம். அதுவே பேராயிடுச்சு.

டிராவல்ஸ் பெண்: கிரேன்னா… பெரிய பெரிய பெட்டியத் தூக்கிக் கப்பல்ல அடுக்குமே, அதா?

பேக்கரிக்காரர்: அதேதான். நாப்பது டன். எங்க வீட்டுச் சாமான், என் பேக்கரி, நானு, எங்க மாமியார், எல்லாத்தையும் சேத்து வச்சாக்கூட அவ்வளவு வராது.

மேலிடம்: எங்கம்மாவ எதுக்கு இழுக்கறீங்க?

பேக்கரிக்காரர்: சும்மா… எடைக்கு.

டிராவல்ஸ் பெண்: மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களப் பாத்தா…

மேலிடம்: ஸ்கூல் டீச்சர் மாதிரி இருக்கேன். அதானே? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

பேக்கரிக்காரர்: அந்தக் கூண்டுக்குத் தரையே கண்ணாடிங்க! ரெண்டு காலுக்கு நடுவுல குனிஞ்சு பாத்தா நேரா பாதாளம். கீழ நிக்கறவங்க எல்லாம் எள்ளு மாதிரி தெரிவாங்களாம். அந்த உயரத்துல உக்காந்து, கைக்கு ஒரு குச்சியப் புடிச்சுக்கிட்டு, ஒரு பெட்டி மேல இன்னொரு பெட்டிய ஒரு விரக்கடை தப்பாம வைப்பா.

டிராவல்ஸ் பெண்: நீங்க ஏறிப் பாத்திருக்கீங்களா சார்?

பேக்கரிக்காரர்: நானா… நான் எங்க… கடை இருக்கே. நேரம் அமையணும்ல.

மேலிடம்: ஆமாம்மா. அவருக்கு நேரமே அமையறதில்ல.

பேக்கரிக்காரர்: அத விடுங்க. குதிரை வந்த கதை சொல்றேன், கேளுங்க.

மேலிடம்: வேணாங்க. பாவம் அந்தப் பொண்ணு. கேபின் விக்க உக்காந்திருக்கு.

டிராவல்ஸ் பெண்: இல்ல இல்ல, சொல்லுங்க சார்.

பேக்கரிக்காரர்: ஒரு கப்பல்ல பந்தயக் குதிரை வந்துச்சு. ஆள் உயரத்துக்கு மேல ஒரு மரக் கூண்டுல நிக்க வச்சிருந்தாங்க. அத எறக்கணும். ஏத்தின எடத்துல எவனோ ஆட்டின ஆட்டத்துல அது மிரண்டு போய்ப் பலகையெல்லாம் ஒதச்சு ஒடைச்சிருக்கு. குதிரைக்காரர் கீழ நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டிருக்கார். இன்னொரு தடவை மிரண்டா கால் போயிடும், கால் போனா குதிரையே போச்சுன்னு. அன்னிக்கு வேலைல அஞ்சு ஆபரேட்டர். ‘நம்மால ஆகாதுப்பா’ன்னு ஒவ்வொருத்தரா நழுவறாங்க. மேலிடம் ஏறினா.

மேலிடம்: என் முறை வந்துச்சு, ஏறினேன்.

பேக்கரிக்காரர்: பேசாம இரு. கூண்டு கிளம்பினது தெரியல, நகந்தது தெரியல, தரைல வந்து உக்காந்ததும் தெரியல. குதிரைக்காரர் ஓடிப்போய்க் கதவத் திறக்கறார்… குதிரை புல்லு தின்னுட்டிருக்கு! நடுவுல ஒரு வாய்கூட நிறுத்தலையாம். மென்னுக்கிட்டே வானத்துல வந்திருக்கு!

மேலிடம்: அதுக்குப் பசி.

பேக்கரிக்காரர்: பாத்தீங்களா? இதுதான் இவ. அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னா தெரியுமா? ‘இன்னிக்கு ஒரு குதிரை வந்துச்சு, நல்ல உசரம்’. அவ்வளவுதான். மிச்சக் கதை முழுக்க துறைமுகத்துக்காரங்க பன் வாங்க வந்தப்ப சொல்லித்தான் எனக்கே தெரியும்.

டிராவல்ஸ் பெண்: மேடம்… எனக்கே கை தட்டணும் போல இருக்கு. இப்படிப்பட்டவங்க பால்கனில ராணி மாதிரி உக்காந்து வரலாமே? பணம்தான் யோசனைன்னா…

மேலிடம்: பணம் இல்லம்மா. நீங்க தினம் டிக்கெட் போடறீங்க. லீவு நாள்ல உக்காந்து டிக்கெட் போடுவீங்களா? பத்தொம்பது வருஷமா கடலப் பாத்தாச்சு. வெயில்ல பாத்தாச்சு, மழைல பாத்தாச்சு. எனக்கு ஒரு இருட்டு ரூம் குடுங்க. கதவச் சாத்தினா உலகம் தெரியக் கூடாது. நல்லாத் தூங்கணும். அவ்வளவுதான்.

பேக்கரிக்காரர்: இருட்டு ரூம்ல இருந்து வரவன் நான். என் சூளை ரூமுக்கு ஜன்னலே கிடையாது. இருபத்திநாலு வருஷம் நாலு சுவத்துக்குள்ள ரொட்டியோட ரொட்டியா வெந்திருக்கேன். உள் கேபின் போட்டா எனக்கு வேலைக்குப் போன மாதிரி இருக்கும். பால்கனி போட்டா இவளுக்கு வேலைக்குப் போன மாதிரி இருக்குமாம். அப்புறம் லீவுக்குப் போறது யாரு?

டிராவல்ஸ் பெண்: அப்போ பேசாம ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்குங்களேன்.

மேலிடம்: என்னது?

பேக்கரிக்காரர்: என்னம்மா நீங்க!

டிராவல்ஸ் பெண்: சும்மா விளையாட்டுக்கு…

மேலிடம்: ஏம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கி, ஒரே நேரத்துல எழுந்திருக்கத்தான் இந்தக் கப்பலே. அவர் விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவார். நான் வேலை முடிஞ்சு வரப்ப அவர் கண்ணு சொக்கிப்போய் உக்காந்திருப்பார். வீட்ல ஒரு காபியச் சேந்து குடிச்சாலே அன்னிக்கு விசேஷம்.

பேக்கரிக்காரர்: பழைய சூளைய இடிச்சுட்டுப் புதுசு கட்டறாங்க. கடை பத்து நாள் மூடல். அந்தச் சாக்குல இவளும் லீவு போட்டா. இப்ப விட்டா இனி எப்பவோ… இரும்மா, போன். சூளைக்காரன்தான். இங்க உள்ள சரியாக் கேக்கல. வெளில போய்ப் பேசிட்டு வரேன். அதுக்குள்ள இவ எதையாவது சொல்லுவா, எழுதிடாதீங்க!

மேலிடம்: போயிட்டாரா?

டிராவல்ஸ் பெண்: படிக்கு அந்தப் பக்கம் நின்னு கைய ஆட்டிப் பேசிக்கிட்டிருக்கார்.

மேலிடம்: சீக்கிரம். உள் கேபின்னு எழுதுங்க. அவர் வந்து கேட்டா, பால்கனி இப்பதான் வித்துப்போச்சுன்னு சொல்லிடுங்க.

டிராவல்ஸ் பெண்: ஐயையோ, நான் பொய் சொன்னா மூஞ்சிலயே தெரிஞ்சிடும் மேடம். ஏன்? அவர் இவ்வளவு ஆசைப்படறாரே.

மேலிடம்: அவருக்கு உயரம் ஆகாதும்மா.

டிராவல்ஸ் பெண்: யாருக்கு? சாருக்கா?

மேலிடம்: மெதுவா பேசுங்க. ஸ்டூல் மேல ஏறினாலே கால் தந்தி அடிக்கும். எங்க வீட்ல பல்ப் மாத்தறது நான்தான். துறைமுகத்துல வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பத்தக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க. கிரேன்ல ஏத்திக் காட்டுவாங்க. முதல் வருஷம் இவருக்குக் காய்ச்சல். அடுத்த வருஷம் மாவு மெஷின் ரிப்பேர். அதுக்கடுத்த வருஷம் பல் வலி. பொண்ணு மட்டும் ஏழு தடவை ஏறிட்டா. இவர் ஒரு தடவைகூட கிரேன் பக்கமே வந்ததில்ல.

டிராவல்ஸ் பெண்: உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியுமா?

மேலிடம்: தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கார். நெனச்சுட்டுப் போகட்டும். கிரேன் ஓட்டறவளோட புருஷன், அவருக்கே கூச்சமா இருக்கும்ல.

டிராவல்ஸ் பெண்: நீங்க கேலி பண்ணதே இல்லையா?

மேலிடம்: மத்த எதுக்கு வேணா கேலி பண்ணுவேன். இதுக்கு எப்படிம்மா? நான் துறைமுகத்து கேட்ல உக்காந்து லாரிக்குச் சீட்டு எழுதிட்டிருந்தவ. கிரேன் பயிற்சிக்கு ஆள் எடுக்கறாங்கன்னு நோட்டீஸ் ஒட்டினது என் தலைக்கு மேல. நான் நிமிந்துகூடப் பாக்கல. இவர்தான் ரொட்டி போட வந்தப்ப பாத்துட்டு, என்னக் கேக்காமலே விண்ணப்பம் எழுதிக் குடுத்துட்டார். கூப்பிட்டு அனுப்பினப்ப நான் போகவே மாட்டேன்னேன். பொம்பள ஒருத்தி கூட அதுல இல்ல. பொண்ணுக்கு அப்ப ஒரு வயசு. ‘அவள நான் பாத்துக்கறேன், நீ போ’ன்னார். மாவு மூட்டை நடுவுல தூளி கட்டிப் போட்டு, ஒரு கையால மாவு பிசைஞ்சு ஒரு கையால ஆட்டியிருக்கார். ஒம்பது மாசம். பொண்ணு வீட்டுக்கு வரப்ப தலையெல்லாம் மாவு, வெள்ளையா கிழவி மாதிரி வரும்.

டிராவல்ஸ் பெண்: ஓ…

மேலிடம்: ஸ்டூல்ல ஏறப் பயப்படற மனுஷன், என்னப் பதிமூணாவது மாடிக்கு ஏத்திவிட்டார். யோசிச்சுப் பாருங்க. அனுப்பிட்டு அவர் எப்படி வேலை செஞ்சிருப்பார்? நான் எறங்கி வர வரைக்கும் தினம் உயிரக் கையில புடிச்சுக்கிட்டுதானே இருந்திருப்பார்? ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட ‘வேணாம், எறங்கிடு’ன்னு வாயத் திறந்ததில்ல. அந்த ஆள எட்டாவது தளத்துல, கடலுக்கு மேல உக்கார வச்சு நான் வேடிக்கை பாக்கவா?

டிராவல்ஸ் பெண்: மேடம்… உங்களுக்கு உண்மையாவே கடல் சலிச்சுப் போச்சா?

மேலிடம்: அவர் வரார். பேச்ச மாத்துங்க.

பேக்கரிக்காரர்: சூளைக்காரன் கதவு அளவத் தப்பா எடுத்திருக்கான். அரை அடி கம்மி. என் ரொட்டி என்ன படுத்துக்கிட்டா உள்ள போகும்? என்ன, ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கறீங்க? எழுதிட்டீங்களா?

டிராவல்ஸ் பெண்: இல்ல சார்! எதுவும் எழுதல. மேடம் பாஸ்போர்ட் காப்பி கொண்டு வரலையாம். கீழ் மாடிலயே ஜெராக்ஸ் கடை இருக்கு மேடம்.

மேலிடம்: அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன். நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்மா.

பேக்கரிக்காரர்: என்ன சொன்னா?

டிராவல்ஸ் பெண்: ஆட்டம்… ஆட்டம் கம்மியா இருக்கணும்னாங்க.

பேக்கரிக்காரர்: சரி, அவ வரதுக்குள்ள பால்கனியப் போட்டுடுங்க. வந்து கேட்டா, உள் கேபின் வித்துப்போச்சுன்னு சொல்லிடலாம்.

டிராவல்ஸ் பெண்: கடவுளே, இன்னிக்கு நான் யார் மூஞ்சில முழிச்சேன்…

பேக்கரிக்காரர்: என்னம்மா?

டிராவல்ஸ் பெண்: ஒண்ணுமில்ல சார். அதுக்கு முன்னாடி இந்த ஃபாரம் ஒண்ணு இருக்கு. உடம்பு சம்பந்தமா நாலு கேள்வி. இருதய நோய்?

பேக்கரிக்காரர்: இல்ல.

டிராவல்ஸ் பெண்: மூச்சு வாங்கறது?

பேக்கரிக்காரர்: மாடி ஏறினா வாங்கும். எல்லாருக்கும் வாங்கும். இல்லன்னு போடுங்க.

டிராவல்ஸ் பெண்: உயரமான எடத்துல நின்னா தலைசுத்தல், பயம்?

பேக்கரிக்காரர்: அது… கட்டாயம் எழுதணுமா?

டிராவல்ஸ் பெண்: உண்மையச் சொல்லிட்டா நல்லது சார். இது யாருக்கும் போகாது. எனக்கும் கப்பல் டாக்டருக்கும்தான்.

பேக்கரிக்காரர்: ‘இருந்தது’ன்னு எழுத எடம் இருக்கா?

டிராவல்ஸ் பெண்: இருந்ததா? இப்ப இல்லையா?

பேக்கரிக்காரர்: நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது. முக்கியமா அவகிட்ட. நான் பயந்தாங்கொள்ளின்னு அவளுக்குத் தெரியாது. பத்தொம்பது வருஷமா கட்டிக் காப்பாத்திட்டு வரேன்.

டிராவல்ஸ் பெண்: …சொல்லுங்க.

பேக்கரிக்காரர்: ரயில் ஸ்டேஷன் பக்கத்துல எட்டு மாடிக் கார் பார்க்கிங் இருக்குல்ல? பேக்கரில இருந்து ரெண்டே தெரு. நாலு மாசமா, கடை வேலை முடிஞ்சதும் அங்க போறேன். முதல் நாள் ரெண்டாவது மாடி. தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஓரத்துல ஒரு இடுப்பு உயரச் சுவரு, அது பத்தடி தள்ளி இருக்கு. எனக்கு அதுவே பக்கத்து ஊர் மாதிரி தெரிஞ்சுது.

டிராவல்ஸ் பெண்: தனியாவா போனீங்க?

பேக்கரிக்காரர்: தனியாத்தான். மூணாவது நாள் வாட்ச்மேன் ஓடி வந்து என் கையப் புடிச்சுக்கிட்டார். ‘அண்ணே, வீட்ல என்ன பிரச்சினையா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம், அவசரப்படாதீங்க’ன்னு அழாத குறை. ‘நான் குதிக்க வரல தம்பி, நிக்கக் கத்துக்க வந்தேன்’னேன். நம்பவே இல்ல. ஒரு வாரம் என் பின்னாடியே சுத்தினார். அப்புறம் பன் கொண்டு போய்க் குடுத்து, கப்பல் விஷயத்தச் சொன்னேன். அதுக்கப்புறம் அவரே வாத்தியார் ஆயிட்டார். ‘இன்னிக்கு மூணு தப்படி முன்னால வாங்கண்ணே. தூரத்துல பாருங்க. கீழ பாக்காதீங்க’ம்பார்.

டிராவல்ஸ் பெண்: இப்ப?

பேக்கரிக்காரர்: இப்ப எட்டாவது மாடி. மொட்டை மாடி. அந்தச் சுவத்து மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, கண்ணத் திறந்துகிட்டு, பதினோரு நிமிஷம் நிப்பேன். வாட்ச்மேன் வாட்ச்ச வச்சுக் கணக்கெடுத்தார்.

டிராவல்ஸ் பெண்: எட்டாவது தளம்… பால்கனிக்காகவே எட்டு மாடி ஏறினீங்களா?

பேக்கரிக்காரர்: ஒரு நாள் டிவில ஏதோ கப்பலக் காட்டினாங்க. பால்கனில ஒரு அம்மா கால நீட்டி உக்காந்து கடலப் பாத்துக்கிட்டிருந்தது. இவ பாத்துக்கிட்டே இருந்துட்டு மெதுவாச் சொன்னா, ‘நான் ஒரு நாள்கூடக் கடலச் சும்மா பாத்ததில்லைங்க’ன்னு. அவ பாக்கற கடல் வேற. அலை எவ்வளவு, கப்பல் எவ்வளவு எறங்கிருக்கு, பெட்டி ஆடுமா ஆடாதா… எல்லாம் கணக்கு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்த கடல். சும்மா, கைய மடியில வச்சுக்கிட்டுப் பாத்ததில்ல. சொல்லிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டா. அவ்வளவுதான் இவ ஆசைப்படற அழகு.

டிராவல்ஸ் பெண்: சார், ஒரு நிமிஷம்… கண்ணுல ஏதோ தூசி.

பேக்கரிக்காரர்: ஒரு நாற்காலில அவ, இன்னொரு நாற்காலில நான். நான் உள்ள உக்காந்துகிட்டு, அவள மட்டும் வெளில உக்கார வச்சா, ரெண்டு நிமிஷத்துல அவளும் உள்ள வந்துடுவா. எனக்குத் தெரியாதா? அதான் நானும் பழகிக்கிட்டேன். இப்பப் போட்டுடுங்க… ஐயோ, வந்துட்டா.

மேலிடம்: ஜெராக்ஸ் கடைல ஒரே கூட்டம். இந்தாங்க. என்னங்க, உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஏம்மா, நீங்க ஏன் அழறீங்க?

டிராவல்ஸ் பெண்: தூசி மேடம்.

மேலிடம்: ஏசி ரூம்ல தூசியா? இது என்ன ஃபாரம்?

பேக்கரிக்காரர்: அது ஒண்ணுமில்ல, உடம்பப் பத்தி. எல்லாத்துக்கும் ‘இல்ல’தான்.

மேலிடம்: இருதய நோய், மூச்சு… உயரத்துல பயம். இதுக்கு எதிர எழுதாம விட்டிருக்கே. ‘ஆமா’ன்னு எழுதுங்கம்மா.

பேக்கரிக்காரர்: உனக்கா? உனக்கு எங்க பயம்?

மேலிடம்: உங்களுக்கு.

பேக்கரிக்காரர்: எனக்கா?

மேலிடம்: மருந்து டாக்டர் விஷயத்துல பொய் எழுதக் கூடாதுங்க. காய்ச்சல், மாவு மெஷின், பல் வலி… நான் என்ன சின்னப் பிள்ளையா? முதல் வருஷமே தெரியும்.

பேக்கரிக்காரர்: முதல் வருஷமேவா? சொல்லவே இல்லையே நீ.

மேலிடம்: நீங்க சொல்லலையே.

பேக்கரிக்காரர்: இத்தனை வருஷமா என்னப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சிருக்க.

மேலிடம்: சிரிச்சிருந்தா என் வாய் வெந்து போகட்டும். என்ன பேச்சுங்க இது?

டிராவல்ஸ் பெண்: அக்கா, அவர் பழகிட்டார்! எட்டாவது மாடில பதினோரு நிமிஷம் நிக்கறார்! மன்னிச்சுக்குங்க சார், என்னால மனசுல வச்சுக்க முடியல.

பேக்கரிக்காரர்: போச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு இப்பதானேம்மா சொன்னேன்?

மேலிடம்: பதினோரு நிமிஷம்னு சொன்னாரா?

டிராவல்ஸ் பெண்: ஆமாக்கா. நாலு மாசமா, தினம், கார் பார்க்கிங் மாடில.

மேலிடம்: அதுக்கப்புறம் நடக்கறதச் சொன்னாரா? சுவத்துக்கு உள்பக்கம் தரைல சரிஞ்சு உக்காந்து, முட்டிக்குள்ள தலைய வச்சுக்கிட்டு, அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாம இருக்கறதச் சொன்னாரா?

டிராவல்ஸ் பெண்: இல்லையே… சார்?

பேக்கரிக்காரர்: அது… அது இப்பக் கொறஞ்சுடுச்சு. கால் மணிதான்.

மேலிடம்: இதுக்குத்தான் இருட்டு ரூம் கேட்டேன். ஏழு நாளும், தினம், என் பக்கத்துல உக்காந்து அந்த அரை மணி நேர அவஸ்தைய நீங்க படணுமா? எனக்காக?

பேக்கரிக்காரர்: உனக்காகத்தான் ஏறினேன், இல்லங்கல. ஆனா இப்ப எனக்காகவும்தான். மேல நின்னு முதல் தடவை கண்ணத் திறந்தப்ப எதிர்ல என்ன தெரிஞ்சுது தெரியுமா? உன் கிரேன். அது எவ்வளவு பெருசுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அந்த உச்சில ஒரு பொட்டு மாதிரி ஒரு கண்ணாடி மின்னுச்சு. அதுக்குள்ள நீ. எனக்குக் கால் நடுக்கமெல்லாம் மறந்தே போச்சு. ஊருக்கெல்லாம் உன் குதிரைக் கதை சொல்றவன், நீ ஏறின எடத்த நிமிந்து பாக்கவே பத்தொம்பது வருஷம் ஆயிருக்கு. என்ன இருட்டு ரூம்ல கொண்டு போய் வைக்காதம்மா. உன் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். பயந்துக்கிட்டே பாக்கறேன். அதனால என்ன?

டிராவல்ஸ் பெண்: அக்கா, மணி பன்னெண்டு ஆகப் போகுது.

மேலிடம்: நாற்காலியச் சுவத்தோரமா நகத்திப் போட்டுக்க முடியுமாம்மா? கம்பிகிட்ட இல்லாம?

டிராவல்ஸ் பெண்: தாராளமா நகத்திக்கலாம்.

மேலிடம்: முடியலன்னா உடனே சொல்லணும். பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது. உள்ள போய்க் கதவச் சாத்திட்டுப் படுத்துக்கலாம்.

பேக்கரிக்காரர்: சொல்லிடறேன்.

மேலிடம்: பால்கனியே போடுங்கம்மா.

டிராவல்ஸ் பெண்: போட்டாச்சு! இதோ, அனுப்பியே விட்டேன்.

பேக்கரிக்காரர்: இரு இரு. ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நான் தரைல உக்காந்தத யாருமே பாக்கலையே. வாட்ச்மேன்கூட அதுக்குள்ள கீழ எறங்கிடுவார். உனக்கு எப்படித் தெரியும்? கூண்டுல இருந்து கடல்தானே தெரியும்?

மேலிடம்: பெட்டி எடுக்கப் போறப்ப கடல் தெரியும். எடுத்துக்கிட்டுக் கரைக்கு வரப்ப ஊர் தெரியும். நீங்க ஒரு தடவை ஏறி வந்திருந்தா இது தெரிஞ்சிருக்கும். அந்தக் கார் பார்க்கிங் எனக்கு நேர் எதிர். யாரோ ஒருத்தர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டுத் தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறார். புடிச்ச தினுசுலயே தெரிஞ்சு போச்சு, எங்க வீட்டு ஆளுன்னு.

பேக்கரிக்காரர்: நாலு மாசமுமா பாத்த?

மேலிடம்: நாலு மாசமும்.

பேக்கரிக்காரர்: அதானே… நான் சுவத்துகிட்ட நிக்கற நேரம் பூரா உன் கிரேன் அசையாமலே நிக்கும். ஒரு பெட்டிகூட நீ தூக்கி நான் பாத்ததில்ல. உங்களுக்கெல்லாம் அது டீ நேரம்னு நெனச்சேன்.

மேலிடம்: டீ பத்து மணிக்கே முடிஞ்சுடும். நீங்க தூண விட்டுட்டு ஒரு தப்படி எடுத்து வச்சதும் என் கை குச்சில நிக்காது, நடுங்க ஆரம்பிச்சுடும். நடுங்கற கையோட நாப்பது டன்னத் தூக்கலாமா? பெட்டியத் தரைல வச்சுட்டு உங்களயே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். கீழ இருந்து வயர்லெஸ்ல கத்துவாங்க, ‘மேலிடம், என்னாச்சு, ஏன் நிறுத்திட்டீங்க’ன்னு. ‘மேல காத்து ஜாஸ்தியா இருக்கு, ஒரு பத்து நிமிஷம் பொறுங்க’ம்பேன். ஒரு இலைகூட அசையாத நாள்லயும் அதையேதான் சொன்னேன்.